வேலையிடத்து உறவும் ‘வேண்டாம்’ என்ற பதிலும்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் நம் கடற்கரையில் வேலை தேடுபவர்களும், புதிதாகச் சேர்ந்தவர்களும், குழு நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. படகு, நண்டுக் கம்பெனி, கடற்பாசி வளர்க்கும் பாசிக் குழு, ஜவுளிக்கடை, வங்கி என்று இடம் எதுவானாலும் கேள்விகளின் அடியில் இரண்டு கவலைகள்தான் இருக்கின்றன: கூட வேலை பார்ப்பவர்களோடு எப்படி ஒத்துப்போவது, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது. இவ்விரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதை உள்ளபடி சொல்ல ஒருவர் இருந்தால்தான் ஒரு மறுப்பிலிருந்து எதையாவது கற்க முடியும். அப்படிச் சொல்லக்கூடியவரை வேலையிடத்தில் நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

எங்கள் படகில் டிரைவர் எனக்கு மாமா. கூட வருபவர்கள் மச்சானும் சித்தப்பா பிள்ளைகளும். இதில் வேலையிடத்து உறவு என்று தனியாக எதை வளர்ப்பது?

சொந்தமாக இருப்பதால்தான் தனியாக வளர்க்க வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டில் மாமாவுக்கு முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று உங்களுக்குத் தெரியும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை அந்த உறவு சொல்லாது. சம்மாட்டிக்கு (படகு முதலாளிக்கு) எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு என்ற பிரிப்பு ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறுகிறது. வலை கிழிந்தால் செலவு யாருடையது, காய்ச்சலில் ஒரு நாள் வராவிட்டால் பங்கு உண்டா, கறிக்கு எவ்வளவு மீன் எடுத்துக்கொள்ளலாம் என்பனவெல்லாம் பேசப்படாமல் கிடந்தால், ஒவ்வொரு ஏலம் முடிந்த பிறகும் ஒரு சிறு கசப்பு மிஞ்சும். சொந்தக்காரர் என்பதால் அதை வெளியே சொல்லவும் முடியாது. கடைசியில் அது படகில் வெடிக்காது; யாரோ வீட்டு விசேஷத்தில், சம்பந்தமே இல்லாத ஒரு பேச்சில் வெடிக்கும்.

ஆகவே கணக்கை வெளிப்படையாக்குவதுதான் முதல் வேலை. ஏலச் சீட்டையும் டீசல் பில்லையும் கைபேசியில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவது இன்று யாருக்கும் சிரமமில்லை. சந்தேகத்தால் கேட்பதாக மாமா நினைப்பாரே என்று தயங்க வேண்டாம். கேட்கும் விதத்தில் இருக்கிறது: “மாமா, வீட்டில் செலவைத் திட்டமிட வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் கணக்கை நானே எழுதித் தரட்டுமா?” என்று வேலையை உங்கள் தோளில் வாங்கிக்கொண்டு கேளுங்கள். இதற்கு மறுப்புச் சொல்பவர் குறைவு.

பேசுவதற்கான நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதும் ஏலக்கூடத்திலும் இதைப் பேசினால் சண்டையாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நின்று பழுதுபார்க்கப்படுகின்றன. எல்லோருக்கும் உட்கார்ந்து பேச அவகாசம் இருக்கிறது. அடுத்த பருவத்துக்கான பேச்சை அப்போதே முடித்துக்கொள்வது நல்லது.

முன்பணம் வாங்கியிருக்கிறேன். வேறு படகுக்கோ வேறு வேலைக்கோ போகக் கூடாது என்கிறார்கள்.

வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும் கடமை உங்களுக்கு இருக்கிறது. ஆனால் கடனைக் காட்டி ஒருவரை வேறு எங்கும் வேலை பார்க்கவிடாமல் கட்டிவைப்பதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் தடைசெய்கிறது. மிரட்டல், அடி, அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்தல் என்ற அளவுக்குப் போனால் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனு கொடுங்கள். அந்த அளவுக்குப் போகாத இடத்தில், எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கழிந்தது என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்தாலே பாதிச் சண்டை தீரும். முன்பணம் வாங்கும் அன்றே அந்தத் தாளையும் எழுதி வாங்குங்கள்.

கீழக்கரையில் ஒரு கடையில் வேலை. முதலாளியைக் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுகிறேன். வீட்டுப் பிள்ளைபோல் நடத்துகிறார். அதனாலேயே சம்பளம் கூட்டிக் கேட்க நாக்கு எழவில்லை.

நல்ல மனிதரிடம் கேட்பதுதான் கடினம் என்பது உண்மை. ஆனால் கேட்காமல் மனதுக்குள் வைத்துப் புழுங்கி, ஒரு நாள் சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விடுவது அவருக்கு அதைவிடப் பெரிய வருத்தம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், மற்றப் பையன்கள் காதுபடாமல், “காக்கா, ஒரு காரியம் தனியாகப் பேச வேண்டும்” என்று தொடங்குங்கள். சேர்ந்தபோது என்ன வேலை பார்த்தீர்கள், இப்போது கூடுதலாக என்ன பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சரக்கு எடுக்கிறீர்கள், கணக்குப் பார்க்கிறீர்கள், சாவி உங்களிடம் இருக்கிறது என்றால் அவை மூன்றும் உங்கள் நியாயங்கள். வீட்டுக் கஷ்டத்தை நியாயமாக வைக்காதீர்கள். அதை வைத்தால் அவர் உதவி செய்வார், ஆனால் சம்பளம் அப்படியே இருக்கும்.

“இப்போது முடியாது” என்று பதில் வந்தால் அதோடு எழுந்துவிட வேண்டாம். “எப்போது கேட்கலாம், அதற்குள் நான் எதைப் பழகிக்கொள்ள வேண்டும்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்குப் பயன்படும். பதிலே இல்லாவிட்டால் அங்கே எவ்வளவு காலம் இருப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ராமநாதபுரம் கடைத்தெருவில் நாள் முழுவதும் கால் வலிக்க நிற்கும் பெண்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மண்டபம் பக்கம் நண்டுக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

முதல் மாதத்தில் பேச்சைத் தேடாதீர்கள். உங்கள் வேலை அடுத்தவர் கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். வேகவைக்கும் இடம், சதை பிரிக்கும் மேசை, எடை போடும் இடம், டின்னில் அடைக்கும் இடம் எல்லாம் ஒன்றை ஒன்று நம்பியிருக்கின்றன. வேகவைப்பது பிந்தினால் மேசையில் இருப்பவர்கள் சும்மா உட்கார வேண்டும். நீங்கள் பிரித்த சதையில் ஓட்டுத் துண்டு கிடந்தால் அடுத்த மேசைக்கார அக்கா அதை மறுபடி துழாவ வேண்டும். “அக்கா, நான் தருவதில் உங்களுக்குத் தொந்தரவாக ஏதாவது இருக்கிறதா?” என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். புதிதாக வந்தவர் இப்படிக் கேட்பது அபூர்வம் என்பதால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். அவர் சொன்னதை மறுநாளே சரிசெய்துவிட்டால் அதன் பிறகு நீங்கள் பேச்சைத் தேட வேண்டியிருக்காது.

டீ வாங்கிக் கொடுப்பது, பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுவது எல்லாம் நல்லவைதான். ஆனால் சொன்ன நேரத்துக்கு வருபவர் மேல் வரும் நம்பிக்கை அவற்றால் வருவதில்லை. இன்னொன்று, உடன் வேலை பார்ப்பவரைப் பற்றி மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லி நெருக்கம் தேடுபவரை எந்த மேசையும் சேர்த்துக்கொள்ளாது.

மேலதிகாரி சொல்லும் எல்லாவற்றுக்கும் சரி என்கிறேன். பிறகு செய்து முடிக்க முடிவதில்லை. முடியாது என்று எப்படிச் சொல்வது?

முடியாததற்குத் தலையாட்டுவது மரியாதை ஆகாது. அவர் உங்கள் வார்த்தையை நம்பி இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்திருப்பார். கையில் இருக்கும் வேலைகளை அவர் முன்னால் வைத்து, “ஐயா, இந்த அறிக்கையை இன்று முடித்தால் அந்தப் பட்டியல் நாளை மாலைதான் ஆகும். எது முதலில் வேண்டும்?” என்று கேளுங்கள். தேர்வை அவரிடம் விட்டுவிடுகிறீர்கள். எது சாத்தியம் என்பதை மட்டும் நீங்கள் சொல்கிறீர்கள். இதைக் கேட்டுக் கோபப்படும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். அவர்களிடமும் வேலை கெட்ட பிறகு சொல்வதைவிட முன்பே சொல்வதால் வரும் கோபம் சிறியது.

நேர்முகத் தேர்வில் என்னை எடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தை எழுத முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான்.

நம் ஊர் ஏலக்கூடத்தில் ஒரு கூடை இறாலை வியாபாரி ஒதுக்கிவிட்டால் காரணம் உடனே தெரிந்துவிடும். தலை கறுத்திருக்கும். பிடித்தவுடன் போதிய ஐஸ் போடாததால் அப்படிக் கறுக்கிறது. அடுத்த நாள் ஐஸைக் கூட்டிப் போட்டால் அதே வியாபாரி அதே கூடையை எடுப்பார். யாரும் அவரோடு பேச்சை நிறுத்துவதில்லை; ‘நான் மீன்பிடிக்கவே லாயக்கில்லை’ என்று கரையில் உட்கார்ந்துவிடுவதும் இல்லை. வேலைத் தேர்வில் நம் பிள்ளைகள் நொறுங்குவது ஏனென்றால் அங்கே கூடை திரும்பி வருகிறது, காரணம் வருவதில்லை. காரணம் தெரியாத இடத்தில் மனம் மோசமான காரணத்தைத் தானாக எழுதிக்கொள்கிறது: என் ஊர் சரியில்லை, என் ஆங்கிலம் சரியில்லை, என் முகம் சரியில்லை.

பதில் தெரிந்து ஓரிரு நாள் கழித்து, தேர்வு நடத்தியவருக்குச் சுருக்கமாக எழுதுங்கள். கோபம் தணிந்த பிறகு எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

“வணக்கம் ஐயா. கணக்கர் பணிக்கான நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்தேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அடுத்த தேர்வுக்கு என்னைத் தயார்செய்துகொள்ள விரும்புகிறேன். நான் மேம்படுத்திக்கொள்ள வேண்டிய ஒரு விஷயத்தை மட்டும் சொன்னால் உதவியாக இருக்கும்.”

‘ஒரு விஷயம்’ என்று கேட்பது முக்கியம். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் அவர் தன் முடிவுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்குவார். எதைச் சரிசெய்யலாம் என்று கேட்டால் யோசித்துச் சொல்வார். பலர் பதில் எழுத மாட்டார்கள், அது உங்கள் குறை இல்லை. ஆனால் ஒருவர் எழுதிவிட்டால், “இல்லை ஐயா, அது எனக்குத் தெரியும்” என்று வாதாடாதீர்கள். நன்றி சொல்லி முடித்துவிடுங்கள். வாதாடியவருக்கு அடுத்த முறை யாரும் காரணம் சொல்வதில்லை.

அவர்களிடமிருந்து பதிலே வராவிட்டால், அதே துறையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் உங்கள் விண்ணப்பத்தைக் காட்டுங்கள். கல்லூரியில் உடன் படித்தவர், பழைய கடை மேலாளர், ஆய்வு நிலையத்தில் திட்டப் பணியாளராக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் என்று யாராகவும் இருக்கலாம். அவர் உண்மையைச் சொல்வாரா என்பது, இதுவரை அவரோடு நீங்கள் எப்படிப் பழகினீர்கள் என்பதைப் பொறுத்தது.

கடன் விண்ணப்பத்தை வங்கி திருப்பிவிட்டது.

கடன் விண்ணப்பத்தை மறுத்தால் முக்கியமான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நடைமுறை. மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதோடு திரும்பி வந்துவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பழைய கடனில் தவணை தவறியது காரணமென்றால், கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். எப்போதோ கட்டி முடித்த நகைக்கடனோ குழுக்கடனோ நிலுவை என்றே பதிவாகியிருக்கக்கூடும். தவறு இருந்தால் திருத்தச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

மறுப்பையே மாற்றித் தரும்படி ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கேட்க முடியாது. கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு. ஆனால் புகாருக்கு வங்கி 30 நாளாகியும் பதில் தராமல் இருந்தால் அங்கே போகலாம். மீன்தொழில் செய்பவர்கள் கிசான் கடன் அட்டையையும் கேட்டுப் பாருங்கள். 2018-19 முதல் அது மீனவர்களுக்கும் உண்டு.

கலாம் ஐயா நிராகரிப்பை வென்றார் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அவர் மேதை. அது நமக்கு எப்படிப் பொருந்தும்?

மேடையில் சொல்லப்படாத பகுதிகள்தான் நமக்குப் பொருந்துகின்றன. விமானப்படைத் தேர்வுக்கு அவர் டேராடூன் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்தது எட்டுப் பேரை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் டேராடூனுக்குப் போகும் வழியிலேயே டெல்லியில் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப இயக்ககத்தில் இன்னொரு நேர்முகத் தேர்வை அவர் முடித்திருந்தார். மனம் உடைந்து ரிஷிகேஷ் போய், சுவாமி சிவானந்தரைப் பார்த்துவிட்டு, திரும்பி டெல்லிக்கு வந்து விசாரித்தபோது பணி ஆணை காத்திருந்தது. மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளர் வேலை. ஒரு மறுப்பு வரும் முன்பே இன்னொரு கதவைத் தட்டி வைத்திருந்தார். இதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது எனக்கு இன்னும் பிடித்தது. பெங்களூரில் அவரும் குழுவும் ‘நந்தி’ என்ற மிதவை ஊர்தியை (ஹோவர்கிராஃப்ட்) உருவாக்கினார்கள். மேலே ஆதரவாக இருந்த அமைச்சர் மாறியதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. உழைப்பெல்லாம் வீண் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் அந்த ஊர்தியைப் பார்க்க வந்து, அதில் ஏறிப் பார்த்து, கேள்விகள் கேட்டுவிட்டுப் போனவர் விஞ்ஞானி எம்.ஜி.கே. மேனன். அதன் பிறகுதான் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவின் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தேர்வுக் குழுவில் விக்ரம் சாராபாயோடு மேனனும் இருந்தார். திட்டத்தை மறுத்தார்கள், வேலை செய்த விதத்தைப் பார்த்த ஒருவர் அதை மறக்கவில்லை.

மூன்றாவது எல்லா மேலதிகாரிகளுக்கும். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பை ஏற்றுப் பேசியவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் வென்றபோது, பத்திரிகையாளர்களிடம் நீங்கள் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார். தோல்விக்குத் தான் முன்னால் நிற்கும் ஒருவரின் கீழ் வேலை செய்பவர்கள் தவறை மறைப்பதில்லை. மறைக்காததால்தான் அடுத்த முறை சரியாகிறது.

அரசுத் தேர்வு எழுதிக்கொண்டே இருக்கிறேன். எத்தனை முறை வரை முயலலாம்?

எண்ணிக்கை சொல்ல என்னால் முடியாது. மதிப்பெண் ஒவ்வொரு முறையும் ஏறுகிறதா என்று பாருங்கள். விடைக்குறிப்பு வெளியானதும் எந்தப் பாடத்தில் இழந்தீர்கள் என்பதைத் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். ஏறினால் தொடரலாம். ஒரே இடத்தில் நின்றால் படிக்கும் முறையை மாற்ற வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தின் வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. எப்படியிருந்தாலும் பகுதி நேரமாகவாவது ஒரு வேலையில் இருங்கள். தேர்வு மட்டுமே வாழ்க்கையாக இருக்கும் பிள்ளைக்கு முடிவு வரும் நாள் தாங்க முடியாத நாளாகிவிடுகிறது.

எங்கள் பாசிக் குழுவில் நான் சொன்ன யோசனையைக் கூட்டத்தில் யாரும் ஏற்கவில்லை. அவமானமாக இருந்தது.

பாசி வளர்ப்பில் ஒரு புது யோசனைக்கு மற்றவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் விதைப்பாசி கட்டி 45 நாள் காத்திருந்துதான் அறுவடை செய்கிறார்கள். யோசனை தப்பினால் ஒரு சுற்று வருமானம் போய்விடும், வீட்டு வட்டி நிற்காது. எல்லா மிதவையிலும் மாற்றலாம் என்று நீங்கள் சொன்னபோது அவர்கள் மனதில் ஓடியது அந்த வட்டிதான். உங்கள் சொந்த மிதவை ஒன்றில் மட்டும் செய்து பாருங்கள். அறுவடையன்று அதையும் பழைய முறை மிதவை ஒன்றையும் எடைபோட்டுக் காட்டுங்கள். கூட்டத்துக்கு முன்பே இரண்டு மூத்த அக்காமார்களிடம் போய், “இதில் என்ன தப்பு வரும்?” என்று கேட்டிருந்தால் கூட்டத்தில் அவர்கள் உங்கள் பக்கம் பேசியிருப்பார்கள். பொதுவில் முதன்முதலாகக் கேட்கும் எந்த யோசனைக்கும் தற்காப்பாக இல்லை என்று சொல்வது மனித இயல்பு.

இதே கரையில் இதைவிடப் பெரிய மறுப்பைச் சந்தித்த பெண்கள் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன் பிறகு தலைமுறைகளாகப் பாசி எடுத்துவந்த பெண்களுக்குத் தீவுப் பக்கம் போவது குற்றமாகிவிட்டது. மூழ்கி, பாறையில் கை கிழித்துப் பாசி எடுப்பவர்கள் அவர்கள். வெறும் எதிர்ப்போடு அவர்கள் நின்றுவிடவில்லை. பாசி தீர்ந்துபோகும் என்ற அதிகாரிகளின் கவலையில் இருந்த உண்மையை எடுத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, தடைக்காலத்தில் எடுக்காமல் இருப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, அதன் பிறகு பேச்சுக்குப் போனார்கள். 2015இல் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண் ஒருவருக்குத் தீவுப் பாதுகாப்புக்கான சர்வதேசப் பரிசு கிடைத்தது. பிரச்சினை முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுப்பவரின் காரணத்தில் சரியாக இருப்பதை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

என் சாதியையும் ஊரையும் கேட்டுவிட்டு வேலை இல்லை என்றார்கள். இதிலிருந்து நான் என்ன கற்பது?

எதுவும் இல்லை. இந்த மறுப்பு உங்கள் திறமையைப் பற்றி எதையும் சொல்லவில்லை, அதைக் குடைந்து உங்களிடம் குறை தேடாதீர்கள். எல்லா நிராகரிப்பும் பாடம் என்று பேசுபவர்கள் இந்த இடத்தில் தயவுசெய்து நிறுத்திக்கொள்ள வேண்டும். நடந்ததைத் தேதி, இடம், சொன்ன வார்த்தை எல்லாவற்றோடும் எழுதிவையுங்கள், கூட இருந்தவர் பெயரையும் சேருங்கள். இழிவுபடுத்திப் பேசியிருந்தால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

மேற்பார்வையாளர் ‘நன்றாகப் பழக வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டு அத்துமீறுகிறார். வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அது பழக்கம் இல்லை, குற்றம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். நிரந்தரப் பணியாளராக இருக்க வேண்டியதில்லை. தினக்கூலிக்கும் பயிற்சிக்கு வந்தவருக்கும் இது பொருந்தும். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. உடன் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள்: இதைச் சொல்லி ஒருத்தி வந்தால் முதலில் அவளைத் தனியாக விடாதீர்கள்.

இங்கே எதுவும் கிடைக்கவில்லை. வளைகுடா நாட்டில் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்.

அடுத்தடுத்து மறுப்பு வாங்கிய வீட்டைத்தான் போலி ஏஜென்டுகள் தேடி வருகிறார்கள். முதன்முதலாக ஒருவர் சரி என்று சொல்லும்போது கேள்வி கேட்க மனம் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். மத்திய அரசில் பதிவுபெற்ற ஏஜென்ட்தானா என்பதை ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பாருங்கள். பதிவுபெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்பவர், சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பவர், ரசீது தராதவர் எவராக இருந்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், பணம் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறது. அதன் அறிவிப்புகளைப் பாருங்கள்.

என்னை வேண்டாம் என்றவரை தினமும் பஸ்ஸில் பார்க்க வேண்டியிருக்கிறது.

சின்ன ஊரில் இது தவிர்க்க முடியாதது. முதல் தடவை பார்க்கும்போதே நீங்கள் வணக்கம் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கனம் கூடும். பெரும்பாலும் அவருக்கும் சங்கடம்தான், முதல் வார்த்தையை அவராலும் பேச முடியாமல் இருக்கும். அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். மழையைப் பற்றியோ பாம்பன் பாலத்து ரயிலைப் பற்றியோ பேசினால் போதும். அடுத்த முறை அவருக்கு ஆள் தேவைப்படும்போது நினைவுக்கு வருவது முகத்தைத் திருப்பிக்கொண்டவர் பெயராக இருக்காது.

தம்பி வேலை கிடைக்காததிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை.

அறிவுரை சொல்லாதீர்கள், மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். தூக்கமும் சாப்பாடும் குறைந்து, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம்: 14416 டெலி-மானஸ் மனநல உதவி எண், 104 தமிழ்நாடு சுகாதார உதவி எண், இரண்டுக்கும் கட்டணமில்லை, தமிழில் பேசலாம். மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். இது மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் வர வேண்டியது.

இப்போது நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன். எடுக்க முடியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது?

எடுக்கவில்லை என்று முடிவானதும் சொல்லிவிடுங்கள். பதிலுக்காகக் காத்திருந்து வேறு வேலையை விட்டுவிடும் பிள்ளைகள் நம் ஊரில் நிறையப் பேர். ராமேஸ்வரத்திலிருந்தோ சாயல்குடியிலிருந்தோ பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு வந்தவருக்கு உண்மையான பதில் ஒன்றைச் சொல்ல நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். சிபாரிசோடு வந்தவரென்றால் சிபாரிசு செய்தவரிடம் சொல்லி அனுப்பாமல் அவரிடமே நேராகச் சொல்லுங்கள்.

நல்ல வார்த்தைகளுக்குள் காரணத்தைப் புதைக்காதீர்கள். பிறகு பார்க்கலாம் என்று நம்பிக்கையும் கொடுக்காதீர்கள், பார்க்கப் போவதில்லை என்றால். காரணம் வேலையைப் பற்றியதாக இருக்கட்டும், ஆளைப் பற்றியதாக வேண்டாம். சரிசெய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். இடம் ஒன்றுதான் இருந்தது, இன்னொருவருக்கு அனுபவம் கூடுதல் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். வேறு இடத்தில் ஆள் தேவை என்று தெரிந்தால் அதைச் சேருங்கள். தொலைபேசியில் சொல்லக் கூச்சமாக இருந்தால் இப்படி எழுதலாம்:

“தம்பி, இந்த முறை உங்களை எடுக்க முடியவில்லை. கணினியில் கணக்கு எழுதிப் பழகிய ஒருவர் எங்களுக்கு உடனே தேவைப்பட்டது. நீங்கள் சரக்கு விவரங்களைச் சொன்ன விதம் தெளிவாக இருந்தது. கணினிக் கணக்குப் பயிற்சியை முடித்ததும் எனக்கு ஒரு தகவல் கொடுங்கள். உச்சிப்புளியில் தெரிந்த கடை ஒன்றில் சரக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்கள். விருப்பமிருந்தால் சொல்லுங்கள், அவர்களிடம் பேசுகிறேன்.”